கிடைத்த ஞானம் கையை விட்டுப் போகுமா? நீதிமொழிகள் 3:21 பற்றி ஒரு கேள்வி

கடுகுவிதை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இரட்சிக்கப்பட்டு 19 வருடம் ஆகிறது. சபையில் வாலிபப் பெண்கள் நடுவே ஊழியம் செய்கிறேன், அதனால் "அக்கா, இதுக்கு ஜெபிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். எது தேவனிடத்திலிருந்து வருகிறது, எது வரவில்லை என்று பகுத்தறிகிற வரம் எனக்கு இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள், நானும் அதை மறுத்ததில்லை. போன வருடம் ஒரு தங்கச்சி, வெளியூரில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா என்று கேட்டாள். "போகாதேம்மா, கர்த்தர் எனக்கு அப்படித்தான் உணர்த்துகிறார்" என்று சொல்லிவிட்டேன். அவள் போகவில்லை. எட்டு மாதத்தில் அவள் இருந்த இடத்தில் வேலையும் போய்விட்டது.

அவள் என்னைக் குறை சொல்லவே இல்லை. "பரவாயில்ல அக்கா, நீங்க ஜெபிச்சுத்தானே சொன்னீங்க" என்றாள். அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது, ஏனென்றால் நான் ஜெபிக்கவில்லை. அவள் கேட்ட உடனே பதில் என் வாயில் இருந்தது. இப்போது யோசித்தால், அவள் போய்விட்டால் ஊழியத்தில் எனக்கு உதவிக்கு ஆள் இல்லை என்ற பயம்தான் அந்தப் பதிலைக் கொண்டுவந்தது என்று தெரிகிறது. அன்றைக்கு அது எனக்கே தெரியவில்லை, நிஜமாகவே கர்த்தர் உணர்த்துவதாகத்தான் நினைத்தேன்.

நேற்று வாசித்த பகுதியில் "மெய்ஞ்ஞானத்தையும் நல்லாலோசனையையும் காத்துக்கொள்" என்ற வசனம் வந்தது. காத்துக்கொள் என்றால், காக்காவிட்டால் போய்விடும் என்றுதானே அர்த்தம்? என்னிடம் இருந்தது போய்விட்டதா, அல்லது எப்போதுமே இருந்ததில்லையா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். ஆறுதலுக்காகக் கேட்கவில்லை.

விளக்குத்தண்டு:

சிஸ்டர், ஆறுதல் வேண்டாம் என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாக்கோபு 1:5-இல், ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கலாம் என்பதோடு, அவர் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்றும் எழுதியிருக்கிறது. போன தடவை கொடுத்ததை என்ன செய்தாய் என்று கணக்குக் கேட்டுவிட்டுக் கொடுக்கிறவர் இல்லை அவர். திரும்பக் கேளுங்கள், அவ்வளவுதான். இதை ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெரோயா வாசகன்:

//திரும்பக் கேளுங்கள், அவ்வளவுதான்//

பிரதர், ஞானத்தைக் கேட்டுப் பெற்றவர்களிலேயே பெரியவன் சாலொமோன் ராஜா. அவன் கதை எப்படி முடிந்தது என்று பார்த்தால் "அவ்வளவுதான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1 இராஜாக்கள் 3:9-இல் "நன்மைதீமை இன்னதென்று வகையறுக்கவும்" ஞானமுள்ள இருதயத்தைத் தந்தருளும் என்று கேட்கிறான். வகையறுப்பது என்ற இந்தப் பழைய சொல் எனக்கு மிகவும் பிடிக்கும், கலந்து கிடப்பதைப் பிரித்து வைப்பது போல. மூல எபிரெயத்தில் அங்கே இருப்பது 'லேவ் ஷோமேயா', நேராகச் சொன்னால் "கேட்கிற இருதயம்". அவன் கேட்டது காது கொடுக்கிற ஒரு மனசை.

அதற்குப் பிறகு 3000 நீதிமொழிகளைச் சொன்னான், 1005 பாட்டுகள் பாடினான். உபாகமம் 17 ராஜாவுக்கு மூன்று காரியங்களில் எச்சரிப்பு கொடுக்கிறது: குதிரைகளை அதிகமாகச் சேர்க்காதே, அதற்காக ஜனங்களை எகிப்துக்கு அனுப்பாதே; அநேக மனைவிகளைக் கொள்ளாதே; வெள்ளியும் பொன்னும் மிகுதியாகப் பெருகப்பண்ணாதே. இதை வைத்துக்கொண்டு 1 இராஜாக்கள் 10, 11 அதிகாரங்களை வாசியுங்கள். வருடத்துக்கு 666 தாலந்து பொன், 1400 இரதங்கள், எகிப்திலிருந்து குதிரைகள், 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் மீறியிருக்கிறான், அதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நல்ல காரணம் இருந்திருக்கும். ஒவ்வொரு கலியாணமும் ஒரு சமாதான உடன்படிக்கையாகத் தெரிந்திருக்கும்.

என் கணிப்பு இதுதான்: அவன் அறிவை இழக்கவில்லை, நீதிமொழிகளை மறக்கவும் இல்லை. கேட்கிறதை நிறுத்திவிட்டான். 11-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கோபத்தோடு பேசுகிறார், சாலொமோன் என்ன பதில் சொன்னான் என்று வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. அடுத்து நாம் பார்ப்பது, ராஜ்யத்தில் பெரும்பகுதியைக் கர்த்தர் யாருக்குக் கொடுப்பேன் என்றாரோ அந்த யெரொபெயாமைக் கொல்ல வகைதேடுவது. அவன் தகப்பன் தாவீதைப் பாருங்கள், சாலொமோனைவிடக் கேவலமான காரியம் செய்தவன், தீர்க்கதரிசி நாத்தான் வந்து விரல் நீட்டியபோது "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றான். கேட்கிற இருதயம் அவனிடம் இன்னும் இருந்தது.

கடுகுவிதை சிஸ்டர், அந்தத் தங்கச்சியின் ஒரு வார்த்தை உங்களைத் தூங்கவிடவில்லை என்கிறீர்களே, உங்களுக்குக் கேட்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

விளக்குத்தண்டு:

சரி பிரதர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரசங்கி புத்தகத்தை சாலொமோனின் மனந்திரும்புதலாக வாசிக்கிறவர்களும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பெரோயா வாசகன்:

உண்டு, அப்படி இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ராஜாக்கள் புத்தகம் அதைச் சொல்லவில்லை என்பதை மட்டும்தான் சொன்னேன்.

மாராவின் மகள்:

இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பகுத்தறிகிற வரம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கை நடுங்கும். நான் மனச்சோர்வு நோயோடு இருந்த நாட்களில், இந்த வரம் உள்ளவர் என்று எல்லாரும் மதித்த ஒருவர் என்னைப் பார்த்த மாத்திரத்தில் "இது ஒரு ஆவி" என்றார். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மருத்துவரிடம் போனது ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. இப்போது மருந்து எடுக்கிறேன், ஜெபமும் செய்கிறேன், நன்றாக இருக்கிறேன்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் தப்பு கண்டுபிடிப்பதுதான் பகுத்தறிவு என்று பழகிப்போனவர். சந்தேகப்படுவது சுலபம், அதற்கு ஆவியானவர் தேவையில்லை. பிலிப்பியர் 1:9-ஐப் பாருங்கள், பவுல் "உங்கள் அன்பானது அறிவிலும் எல்லா உணர்விலும்" பெருக வேண்டும் என்று ஜெபிக்கிறார். பெருகுவது அன்பு, பகுத்துணர்வது அந்த அன்பு செய்கிற வேலை. அன்பில்லாதவருக்கு எதிரில் இருக்கிறவர் யார் என்றே தெரியாது, அப்புறம் எதை வகையறுப்பார்?

யாக்கோபு 3:17-ஐ மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். பரத்திலிருந்து வருகிற ஞானம் "முதலாவது சுத்தமுள்ளதாயும், பின்பு சமாதானமும் சாந்தமும் இணக்கமுமுள்ளதாயும்". அந்த 'இணக்கம்' என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற சொல்லுக்கு, எடுத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்கிற குணம் என்று பொருள். நான் அவரிடம் "ஐயா, எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று சொன்னபோது, எதிர்த்துப் பேசுவதே அந்த ஆவியின் அடையாளம் என்று பதில் வந்தது. எடுத்துச் சொல்லவே வழியில்லாத ஒரு ஞானம் எப்படிப் பரத்திலிருந்து வந்ததாக இருக்கும்?

கடுகுவிதை அக்கா, உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் கேட்ட இந்தக் கேள்வியை அவர் ஒரு தடவையாவது கேட்டிருந்தால் போதும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

கருக்கிட்ட இரும்பு:

சிஸ்டர், உங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம். படித்து மனம் வலித்தது.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இப்படிப்பட்ட காயங்களினால் பலர் "இந்த வரமே வேண்டாம், யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்" என்று போய்விடுகிறார்கள். 1 தெசலோனிக்கேயர் 5-இல் ஆவியை அவித்துப்போடாதிருங்கள், தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்பதும், "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விடுவதற்கு இடமே கொடுக்கவில்லை.

ஆதிச் சபையில் இதை எவ்வளவு நடைமுறையாகச் செய்தார்கள் என்பதற்கு 'திதாகே' என்ற பழைய சபை ஒழுங்கு நூல் சாட்சி. அதன் முழுப் பிரதி 1873-இல்தான் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. ஊர் ஊராக வருகிற அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத்தீர்க்கதரிசி என்கிறது. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லி எனக்குப் பணம் கொடுங்கள் என்றால் கேட்காதீர்கள், ஆனால் குறைவுபட்ட மற்றவர்களுக்குக் கொடுக்கச் சொன்னால் அவனை ஒருவரும் நியாயந்தீர்க்க வேண்டாம் என்றும் சொல்கிறது. எவ்வளவு தெளிவு பாருங்கள்! சொல்கிறவனுக்கு அந்த வார்த்தையினால் என்ன லாபம் என்று கேட்டாலே பாதிக் காரியம் பிடிபட்டுவிடும். கடுகுவிதை சிஸ்டரின் விஷயத்திலும் அதுதான் நடந்தது, லாபம் பணமாக இல்லாததால் கண்ணில் படவில்லை.

நீதிமொழிகள் 3:21-இல் 'நல்லாலோசனை' என்று வருகிற எபிரெயச் சொல் 'மெஸிம்மா'. அதே சொல்தான் 12:2-இல் பொல்லாத யோசனைக்காரனைப் பற்றி வருகிறது, கர்த்தர் அவனை ஆக்கினைக்குட்படுத்துவார் என்று. கூர்மை ஒன்றுதான், யாருக்காக அது வேலை செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

புதுத்துளிர்:

நான் விசுவாசத்துக்கு வந்து 2 வருடம்தான் ஆகிறது, தப்பாகக் கேட்டால் மன்னியுங்கள். இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஒரு காரியத்துக்காக ஜெபிக்கும்போது மனசில் சமாதானம் இருந்தால் தேவ சித்தம், இல்லாவிட்டால் இல்லை என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வழி திறந்தால் போ, அடைத்தால் நில். இது போதாதா?

பெரோயா வாசகன்:

தம்பி, நல்ல கேள்வி, இதில் மன்னிப்புக்கு ஒன்றுமில்லை.

யோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். கர்த்தருடைய சமுகத்தை விட்டு ஓடுகிறான். துறைமுகத்துக்குப் போனால் சரியாக தர்ஷீசுக்குப் போகிற கப்பல் நிற்கிறது. கையில் கூலியும் இருக்கிறது. வழி எவ்வளவு அழகாகத் திறந்தது! ஏறிக் கீழ்த்தட்டில் போய்ப் படுத்து அயர்ந்து தூங்குகிறான். புயலில் மாலுமிகள் அலறுகிறார்கள், அந்தக் கப்பலில் சமாதானமாகத் தூங்கியவன் அவன் ஒருவன்தான். அப்புறம் இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனேக்கு வாருங்கள். பிதாவின் சித்தத்தின் நட்ட நடுவில் நிற்கிறவர் துக்கமடைந்து வியாகுலப்படுகிறார், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாக விழுகிறது. சமாதானத்தை மட்டும் வைத்து அளந்தால் யோனா சரி, இயேசு தப்பு என்று வந்துவிடும்.

தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது என்கிற கொலோசெயர் 3:15-ஐத்தான் இதற்குக் காட்டுவார்கள். அந்த இடத்தில் பேச்சு முழுவதும் ஒருவரையொருவர் தாங்குவதும் மன்னிப்பதும்தான், "ஒரே சரீரமாக" அழைக்கப்பட்டீர்கள் என்று அந்த வசனத்திலேயே இருக்கிறது. தனி ஆளுடைய மனநிலையைப் பற்றி அது பேசவில்லை.

சமாதானத்தை ஒதுக்கச் சொல்லவில்லை தம்பி, அது சாட்சிகளில் ஒன்று. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

புதுத்துளிர்:

நன்றி அண்ணா. யோனா தூங்கியதை இப்படி யோசித்ததே இல்லை.

ஓய்வுபெற்ற மேய்ப்பன்:

பிள்ளைகளே, எல்லாவற்றையும் வாசித்தேன். 41 வருடம் ஊழியத்தில் இருந்து விலகி ஓய்ந்திருக்கிறேன், கண் பார்வை குறைவு, பிழை இருந்தால் பொறுங்கள்.

கடுகுவிதை அம்மா, உன் கேள்விக்கு என் பதில்: ஞானம் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற பொருள் இல்லை. எபிரெயர் 5:14-இல் "முயற்சியினால் பயின்ற ஞானேந்திரியங்கள்" என்று இருக்கிறதே, அந்தப் பயிற்சிக்கு கிரேக்கத்தில் உடற்பயிற்சிக்கான சொல்லையே வைத்திருக்கிறார். பயின்ற உடம்பு பயிற்சி நின்றால் தளர்ந்துவிடும், ஆனால் தளர்ந்தது மறுபடியும் தேறும். நீ நடுவில் பயிற்சியை விட்டுவிட்டுப் பழைய பெயரை வைத்துக் காலம் தள்ளியிருக்கிறாய் அம்மா. கடுமையாகச் சொல்கிறேன், இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன். ஜனங்கள் நம்மிடம் பதில் கேட்டு வர வர, பதில் நம்மிடமே இருக்கிறது என்று தோன்றிவிடும். யோசுவா 9-இல், தூரதேசத்தார் என்று ஏமாற்றி உடன்படிக்கை கேட்டு வந்த கிபியோனியரின் உலர்ந்த அப்பத்தையும் பீறலான திராட்சரசத் துருத்தியையும் இஸ்ரவேலர் நன்றாகத்தான் பரிசோதித்தார்கள், "கர்த்தருடைய வாக்கைக் கேளாமல்" பரிசோதித்தார்கள். எரிகோவைப் பிடித்த அனுபவசாலிகள் அவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம். "கர்த்தர் உணர்த்துகிறார்" என்று சொன்னாயே, அந்த வார்த்தையை எவ்வளவு எச்சரிக்கையாகப் பயன்படுத்த வேண்டும் என்று பவுலிடம் கற்றுக்கொள். 1 கொரிந்தியர் 7-இல் ஒரு காரியத்தில் "நானல்ல, கர்த்தரே கட்டளையிடுகிறதாவது" என்கிறார். இரண்டு வசனம் தள்ளி "கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறதாவது" என்கிறார். 25-ஆம் வசனத்தில் எனக்குக் கர்த்தரால் கட்டளையில்லை, "என் அபிப்பிராயத்தைத் தெரியப்படுத்துகிறேன்" என்கிறார். மூன்றாம் வானம் வரைக்கும் எடுத்துக்கொள்ளப்பட்ட மனுஷன், எது கர்த்தருடைய வார்த்தை, எது தன் யோசனை என்று கோடு போட்டுக் காட்டுகிறார். அவர் அபிப்பிராயம் என்று சொன்னதால் கொரிந்து சபையாருக்கு யோசிக்க இடம் கிடைத்தது. நீ கர்த்தர் பெயரைப் போட்டதால் அந்தப் பிள்ளைக்கு யோசிக்க இடமே இல்லாமல் போய்விட்டது.

1521-இல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து கிடந்த ஒரு போர்வீரனைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், பின்னாளில் லொயோலா இஞ்ஞாசியார் என்று அறியப்பட்டவர். அவர் கத்தோலிக்கர், நம் சபை மரபு இல்லையே என்று யாராவது கேட்டால், நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். படுக்கையில் கிடந்து இரண்டு விதமான கனவு காண்பாராம், வீரனாகப் பேர் வாங்குவது ஒன்று, பரிசுத்தவான்களைப்போல வாழ்வது இன்னொன்று. நினைக்கும்போது இரண்டுமே இனித்தன. முதலாவது போனபிறகு மனம் வறண்டது, இரண்டாவது போனபிறகும் சந்தோஷம் தங்கியது. எனக்கு இது மிகவும் உதவியிருக்கிறது. ஒருவருக்கு ஆலோசனை சொன்ன அன்றைக்குக் கிடைக்கிற திருப்தியை நம்பமாட்டேன். ஒரு வாரம் கழித்து என்ன தங்கியிருக்கிறது என்று பார்ப்பேன்.

இதற்காக ஒரு நோட்டு வைத்திருந்தேன். யாருக்கு என்ன சொன்னேன், ஏன் சொன்னேன், அதில் எனக்கு ஏதாவது வேண்டியிருந்ததா, பிற்பாடு என்ன ஆயிற்று என்று எழுதுவேன். வருஷக் கடைசியில் வாசித்தால் மனம் உடைந்துபோகும், அந்த அளவுக்குத் தவறுகள். ஆனால் அந்த நோட்டு என்னைக் காப்பாற்றியது.

அபிகாயிலையும் நினைத்துக்கொள். 1 சாமுவேல் 25-இல் தன் புருஷன்மேல் பழிவாங்க வந்த தாவீதைத் தடுக்க ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஓடினாள், அதே இரவில் வீட்டுக்கு வந்து புருஷன் வெறித்திருக்கிறதைப் பார்த்துப் பொழுது விடிகிறமட்டும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எங்கே ஓட வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும் என்று ஒரே நாளில் இரண்டையும் அறிந்திருந்தாள். நீ இப்போது காத்திருக்கிற நேரத்தில் இல்லை அம்மா. போய் அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்.

மாராவின் மகள்:

ஐயா, உங்கள் பதிவை மூன்று தடவை வாசித்தேன். "அதில் எனக்கு ஏதாவது வேண்டியிருந்ததா" என்று எழுதி வைத்தீர்களே, நன்றி.

கருக்கிட்ட இரும்பு:

மேய்ப்பன் ஐயா, ஒரு சந்தேகம். அப்போஸ்தலர் 21-இல் தீருவின் சீஷர்கள் ஆவியின் ஏவுதலினால் பவுலை எருசலேமுக்குப் போகவேண்டாம் என்றார்கள், 20-ஆம் அதிகாரத்திலோ பவுல் ஆவியிலே கட்டுண்டவனாய்ப் போகிறேன் என்கிறார். இதில் யார் சரியாகப் பகுத்தறிந்தது?

ஓய்வுபெற்ற மேய்ப்பன்:

கட்டும் உபத்திரவமும் அங்கே இருக்கிறது என்று ஆவியானவர் காட்டியது எல்லாருக்கும் ஒன்றுதான் தம்பி. தீர்க்கதரிசி அகபுவும் பிறகு செசரியாவில் அதையே சொன்னான், போகாதே என்று அவன் சொன்னதாக எழுதப்படவில்லை. "ஆகவே போகவேண்டாம்" என்பது அவர்கள் பாசம் சேர்த்துக்கொண்ட முடிவு என்றுதான் நான் வாசிக்கிறேன், வேறுவிதமாக வாசிக்கிறவர்களும் உண்டு. என்னைத் தொட்டது அதன் முடிவுதான். செசரியாவில் இருந்தவர்களும் போகவேண்டாம் என்று வேண்டிக்கொண்டார்கள், பவுல் சம்மதிக்காதபோது, "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது" என்று சொல்லி அமர்ந்திருந்தார்கள். தாங்கள் கண்டதைச் சொன்னார்கள், அழுதார்கள், பிறகு அவரை விட்டுவிட்டார்கள்.

கடுகுவிதை:

ஐந்து நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். எல்லாருடைய பதிவையும் வாசித்தேன். ஐயா, நீங்கள் கடுமையாகச் சொன்னதற்கு நன்றி.

போனேன். ஜெபிக்காமல்தான் சொன்னேன் என்றும், நீ போய்விடுவாயோ என்ற பயத்தில் சொன்னேன் என்றும், கர்த்தர் பெயரை அதில் போட்டது என் பாவம் என்றும் சொன்னேன். வழியெல்லாம் அவள் கோபப்படுவாள், இல்லாவிட்டால் அழுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள், "அப்போ கர்த்தர் என்னைப் போகாதேன்னு சொல்லவே இல்லையா அக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் சொன்னாள். வேலை போனபிறகும் வெளியூரில் எதற்கும் அவள் விண்ணப்பிக்கவே இல்லை. இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டும் பதில் போடவில்லை. கர்த்தர் ஒரு தடவை சொன்னதை மீறக்கூடாது என்று இருந்திருக்கிறாள். நான் சொன்ன ஒரு வார்த்தை, நான் மறந்தபிறகும், இத்தனை மாதமாக அவளைப் பிடித்துக்கட்டி வைத்திருந்தது. அது எனக்குத் தெரியவே தெரியாது. போகாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாளோ.

அந்த இரண்டில் ஒரு இடத்துக்கு அன்று சாயங்காலமே பதில் எழுதினாள். இன்னும் ஆள் எடுக்கவில்லையாம், வருகிற வியாழக்கிழமை பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். "நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?" என்று கேட்டாள். பழக்கதோஷம், வாய் வரைக்கும் ஒரு பதில் வந்துவிட்டது. "ஜெபிக்கிறேன். எனக்கு ஏதாவது தோன்றினால் எனக்குத் தோன்றுவதாகவே சொல்கிறேன்" என்றேன்.

வியாழக்கிழமை காலை அவளை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.